முதலில் குடியேறும் கிருமி

இந்த ஊரில் வேலைக்குப் போனால் முதலில் மூக்கைக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை காலையில் குழந்தைகள் பிரிவின் கதவருகே பரிசோதனைக்கூடத்து ஆள் ஒருவர் தட்டோடு நிற்பார். தட்டில் நீளக் குச்சிகள், ஒவ்வொன்றின் முனையிலும் பஞ்சு. நாங்கள் வரிசையாக நின்று தலையை அண்ணாந்து கொடுக்க, அவர் இரு துவாரங்களிலும் பஞ்சை விட்டுச் சுழற்றி எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டுப் பெயர் எழுதிக்கொள்வார். கண்ணில் நீர் முட்டும். தும்மலை அடக்கிக்கொண்டு உள்ளே போய்க் கைகழுவி அங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் தடவை என் முறை வந்தபோது உடம்பெல்லாம் கூசிப்போனது. கறுத்தவள், கடல் கடந்து வந்தவள், அதனால்தான் என் மூக்கைக் குடைகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் தலைமை நர்ஸ் மிஸஸ் ஹார்ப்பர் நிற்கிறார். அவருக்கும் பின்னால், ஆறடிக்கு மேல் வளர்ந்த டாக்டர் கெல்லர் முழங்காலை மடக்கி, தன் மூக்கை அந்த ஆளுக்கு எட்டும்படி தாழ்த்திக்கொண்டிருந்தார். சிவகாசிப் பக்கத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் மூக்கைக் காட்டச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வந்திருக்காது. அங்கே கைகளைத்தான் பார்ப்பார்கள். அதுவும் ஆயாக்களின் கைகளை.

ஆஸ்பத்திரியின் பெயர்களைச் சொல்லப்போவதில்லை, இதையும் சரி, அதையும் சரி. இது அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு ஆற்றங்கரை நகரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தங்கலில் வாத்தியார் வீட்டுப் பெண்ணாகப் பிறந்து, நர்ஸ் படிப்பு முடித்து, ஊரிலேயே சில வருடம் வேலை பார்த்துவிட்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தேன். வந்த புதிதில் அந்தப் பரிசோதனைக்கூடத்து ஆள் ஒருநாள் என்னை நிறுத்தி, "மிஸ் எஸ்தர், யுவர் கல்ச்சர் இஸ் வெரி இன்ட்ரஸ்டிங்" என்றார். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சர்ச்சில் ஒரு பெண்மணி இதே வார்த்தைகளை இதே புன்னகையோடு சொல்லியிருந்தார். ஆகவே நானும் நன்றி சொல்லிவிட்டு, சேலை கட்டுவது, கிறிஸ்துமஸ் பவனி, பொங்கல் என்று எங்கள் பண்பாட்டைப் பற்றி ஆர்வமாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையிலிருந்த கண்ணாடித் தட்டைக் காட்டினார். அதில் புள்ளி புள்ளியாக ஏதோ முளைத்திருந்தது. என் மூக்கிலிருந்து எடுத்ததை வளர்த்திருக்கிறார்கள். அதற்கும் கல்ச்சர் என்றுதான் பெயராம். கெட்டது இல்லை, இந்த ஊரில் யாரிடமும் இதுவரை காணாத வகை, அவ்வளவுதான் என்றார். எங்கே பிடித்தது என்று கேட்டார். ஊரில் என்றேன். பெட்டியும் படுக்கையும் மட்டும்தான் கொண்டுவந்தேன் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

மூக்கைப் பார்த்தது ஏன் என்பது மெல்ல விளங்கியது. இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளுக்குச் சீழ்க் கொப்புளம் வந்துகொண்டிருந்தது. பென்சிலினுக்கு மசியாத ஒரு கிருமி. அது குழந்தைகளைப் பராமரிக்கிறவர்களின் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. மூச்சிலும் விரலிலும் தொற்றிக் குழந்தையின் தொப்புளுக்கு வந்ததும் வேலையைக் காட்டும். எந்த மருந்துக்கும் நிற்காமல் போன நிலையில் டாக்டர் கெல்லரைப் போன்றவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நான் அதை முதலில் பார்த்தது டாக்டர் கெல்லரின் கையில். பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒரு குழாயில் வளர்த்து வைத்திருந்த கிருமியைப் பஞ்சில் தொட்டு, குழந்தையின் மூக்கிலும் தொப்புளிலும் தடவினார். கிருமியைக் கொல்லக் கற்றுக்கொண்டு வந்தவள் நான். அதைப் பிள்ளைக்குப் பூசுவதைக் கண்ணால் பார்த்தேன்.

பிறகு விளக்கினார். பிறந்த குழந்தையின் உடம்பு காலி மனை. யார் முதலில் வந்து குடிசை போடுகிறார்களோ இடம் அவர்களுக்கு. கெட்டது வந்து உட்காரும் முன் அதே இனத்தில் சாதுவான ஒன்றை நாமே குடியேற்றிவிட்டால், பின்னால் வருகிறது இடமில்லாமல் திரும்பிவிடும். பாலை உறை ஊற்றி வைக்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. நல்ல மோர் விழுந்த பாலில் வேறெதுவும் தலையெடுக்காது என்றுதானே ஊற்றுகிறோம். ஆனால் பாலுக்குச் செய்வதைப் பிள்ளைக்குச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியிருக்காது. அந்தச் சாதுக் கிருமி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸின் மூக்கிலிருந்து எடுத்தது என்றார். அந்த நர்ஸ் கவனித்த குழந்தைகளுக்கு மட்டும் கொப்புளம் வராததைப் பார்த்துக் கண்டுபிடித்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த தொட்டிலுக்குப் போய்விட்டார். கையிலிருந்த குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினேன். பொன்னுத்தாயின் இரண்டு கைகள் கண்முன் வந்துவிட்டன.

பொன்னுத்தாய் விஸ்வநத்தத்துக்காரர். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயா. அவருடைய வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்து இறந்துபோனார். அதன் பிறகு அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வேலைக்கு வந்துவிட்டார். கம்பெனியில் மருந்து அடைத்த காலத்தில் விரலோரங்கள் வெடித்து, நகத்தைச் சுற்றிச் சதை தடித்துப்போயிருந்தது. ஆனாலும் அந்தக் கைகளில் பிள்ளை வழுக்காது. தண்ணீர் ஊற்றும்போது மற்ற ஆயாக்களிடம் வீரிட்டு அழும் குழந்தைகள் அவர் காலில் கிடத்தியதும் அடங்கிவிடும். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மகள் செல்லம்மாளைக் கட்டிக்கொடுத்து, அவளும் மாசமாக இருந்தாள்.

ஐம்பதுகளின் கடைசி அது. பிரசவ வார்டு புதிதாகத் திறந்திருந்தது. வெளிநாட்டுச் சபையின் உதவியில் கட்டியதால் அவர்கள் ஊர் வழக்கப்படி பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து, தனி அறையில் இரும்புத் தொட்டில்களில் வரிசையாகப் போடுவோம். பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் தாயிடம் போகும். அப்பன்மார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆரம்பத்தில் யாரும் வரவில்லை. தலைமை நர்ஸ் ஞானப்பூ சிஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், தீப்பெட்டி அடைக்கும் பெண்களிடமும் பட்டாசுக்குத் திரி வைக்கும் பெண்களிடமும் உட்கார்ந்து பேசுவார். "வீட்டுல பெத்தா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரிக்கு வாங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்பார். அவர் பேச்சுக்கு மயங்காதவர்கள் குறைவு. மெல்ல மெல்ல வரத் தொடங்கினார்கள். தொட்டில்கள் நிரம்பின.

ஞானப்பூ சிஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிதான் அவருக்கு வீடு. பிறந்த குழந்தை எதுவானாலும் முதலில் கையில் வாங்கி, முகத்தோடு முகம் வைத்து, காதில் ஒரு ஜெபம் சொல்லி, நெற்றியிலும் மூக்கு நுனியிலும் முத்தம் கொடுப்பார். "மொத முத்தம் ஆண்டவர் முத்தம்" என்பார். இந்துப் பெண்களும் அதைக் கேட்டு வாங்கினார்கள். சிஸ்டர் முத்தம் கொடுத்த பிள்ளைக்கு நோய்நொடி வராது என்று வெளியிலும் பேச்சு பரவியது. சிஸ்டருக்கு மூக்கு ஓரத்தில் சின்னதாக ஒரு புண் எப்போதும் இருந்துகொண்டிருக்கும். கைக்குட்டையால் ஒற்றிக்கொள்வார். அது அவர் முகத்தின் ஒரு பகுதிபோல ஆகிவிட்டதால் யாரும் அதைக் கவனித்ததில்லை. நானும்தான்.

அந்தக் கோடையில் கொப்புளம் வந்தது. தொப்புளைச் சுற்றி, அக்குளில், தொடை இடுக்கில் முதலில் நீர் கோத்து, பிறகு சீழாகி உடைந்தது. தோல் வெந்ததுபோல உரிந்த குழந்தைகளும் உண்டு. பாலூட்டிய தாய்மாருக்கு மார்பு கட்டிச் சீழ் பிடித்தது. பெரிய டாக்டர் பென்சிலின் ஊசி போடச் சொன்னார். போட்டோம், இரண்டு மடங்காகவும் போட்டோம். தண்ணீரைப் போட்டதுபோல இருந்தது. எந்த நோயும் அந்த ஊசிக்குப் பணிந்துவிடும் என்று நாங்கள் நம்பியிருந்த காலம் அது. ஊர்க்காரர்கள் அம்மை என்று சொல்லித் தொட்டிலில் வேப்பிலை செருகினார்கள். சிஸ்டர் அதைப் பிடுங்கி எறிந்தார். ஒரு குழந்தை இறந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வாரந்தோறும். வீட்டில் பெற்றிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பிள்ளைகள். வாருங்கள் வாருங்கள் என்று நாங்கள் போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள்.

ஆஸ்பத்திரி நிர்வாகம் காரணம் கேட்டது. சிஸ்டர் ஆயாக்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்திக் கைகளை நீட்டச் சொன்னார். பொன்னுத்தாயின் விரல்களுக்கு வந்ததும் நின்றார். நகச்சுற்று ஒன்று பழுத்திருந்தது. அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து உயரத் தூக்கினார். வார்டு ஜன்னல்களில் தாய்மார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கைதான். பாத்துக்கிடுங்க, இந்தக் கையாலதான் உங்க பிள்ளைகளுக்குத் தண்ணி ஊத்திருக்கா."

"சிஸ்டரு, இது நேத்து வந்தது. புள்ளைக போன மாசத்துலருந்துல்லா சாகுது" என்றார் பொன்னுத்தாய்.

"வாய மூடு."

"நான் குளிப்பாட்டுன புள்ளைக எம்புட்டோ நல்லா வீட்டுக்குப் போயிருக்கு சிஸ்டரு. நர்சம்மாகிட்டக் கேளுங்க."

நான் வாயைத் திறந்தேன். எல்லோருடைய கையையும் பார்த்துவிடலாம், நர்ஸ்களுடையதையும் சேர்த்து, என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைவு. "நீ உள்ள போய்ப் பிள்ளைகளப் பாரு எஸ்தர்" என்றார் சிஸ்டர். அதற்குள் ஒரு தொட்டியில் லைசால் கொண்டுவந்தார்கள். தரை கழுவ வைத்திருந்த காரமான கிருமிநாசினி. தண்ணீர் போதுமான அளவு கலக்கவில்லை. பொன்னுத்தாயின் இரண்டு கைகளையும் முழங்கைவரை அதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சிஸ்டர் பக்கத்தில் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தார். அவர் மனதார ஜெபம் செய்தார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கைகளை எடுத்தபோது தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பொன்னுத்தாய் அந்தக் கைகளை உடம்பிலிருந்து தள்ளி, வேறு யாருடைய கைகளோ போலப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

வாசலில் ஒரு தகப்பன் காத்துக்கொண்டிருந்தார். வரிசையாகப் பெண் பிள்ளைகளாகப் பிறந்து, கடைசியில் பிறந்த ஆண் பிள்ளையின் உடலை முந்தின நாள் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனவர். முற்றத்தில் நடந்தது அவர் காதுக்கு எட்டியிருந்தது. பொன்னுத்தாயைக் கீழே தள்ளி, அவருடைய வலது கையைச் செருப்புக் காலால் மிதித்தார். காவலாளி உடனே போகவில்லை. போய் இழுத்தபோது இரண்டு விரல்கள் வளைந்துவிட்டிருந்தன. பொன்னுத்தாய்க்குக் கட்டுப்போட வார்டுக்குள் கொண்டுவர சிஸ்டர் சம்மதிக்கவில்லை. நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் வைத்துக் கட்டினேன். அப்போது அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: "நர்சம்மா, நெசமாவே என் கைதானா?" தெரியாது என்றேன். அதுதான் உண்மை. அப்போது எனக்குத் தெரியாது.

பொன்னுத்தாய் போன பிறகும் கொப்புளம் போகவில்லை. கிருமி சுவரில் ஒட்டியிருக்கிறது, அவள் விட்டுப்போனது என்றார்கள். சுண்ணாம்பு அடித்தோம். அந்த நாட்களில்தான் செல்லம்மாளுக்கு வலி கண்டு மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். தாயின் பெயரைக் கேட்டதும் கேட்டைத் திறக்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது. வண்டி திரும்பிப் போனது. வீட்டிலேயே பெற்றாள். பெண் பிள்ளை, உடம்பில் ஒரு புள்ளி இல்லாமல் பிழைத்துக்கொண்டது. உள்ளே அனுமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. கடைசியில் குழந்தைகள் அறையையே மூடி, பிள்ளைகளைத் தாயின் பக்கத்தில் பாயில் கிடத்தினோம். அதன் பிறகு படிப்படியாக நின்றது. சுண்ணாம்பும் ஜெபமும் காப்பாற்றின என்று நன்றி ஆராதனை நடந்தது. தாயின் தோலில் இருக்கிற கிருமிகள் முதலில் வந்து குடியேறிக்கொண்டன என்பதை டாக்டர் கெல்லர் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், அமெரிக்காக்காரன் எல்லாம் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கேயும் தாய்மாரிடம் யாரும் சரியாக அனுமதி கேட்டதில்லை. ஒரு தாய், என் குழந்தைக்கு என்ன தடவுகிறீர்கள் என்று என்னிடம் கேட்டபோது, மிஸஸ் ஹார்ப்பர் எனக்கு முன்னால் வந்து "ஜஸ்ட் சம்திங் டு ப்ரொடெக்ட் ஹிம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். நாங்கள் குடியேற்றிய அந்தச் சாதுக் கிருமியாலேயே கண்ணோரத்தில் சீழ் வைத்த குழந்தையையும் பார்த்தேன். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பிறவியிலேயே எதுவும் பிரிந்திருப்பதில்லை. இருக்கிற இடத்துக்கு ஏற்றபடி நடந்துகொள்கிறது. ஆனாலும் கொப்புளம் குறைந்தது. தொட்டில்கள் காலியாகவில்லை. அதை என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கும் இங்கே பெண் பிறந்தாள். ரூத் என்று பெயர் வைத்தோம். என் கணவர் பாளையங்கோட்டைக்காரர், இங்கே படிக்க வந்தவர். குழந்தை பிறந்த அன்று டாக்டர் கெல்லர் என்னிடம் மட்டும் கேட்டார், உனக்குத் தெரியுமே, செய்யட்டுமா என்று. செய்யுங்கள் என்றேன். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்கார நர்ஸின் மூக்கிலிருந்து வந்தது என் மகளின் மூக்கில் போய்க் குடியேறியது. என் மூக்கில் இருப்பது சிவகாசிப் பக்கத்துச் சரக்கு. இவளுக்கு அது வேண்டாம் என்று நானே சொன்னதுபோல ஆயிற்று. அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன். பிரசவ அலுப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ரூத் நடை பழகிய சமயம் ஊருக்குப் போனேன். முதலில் ஞானப்பூ சிஸ்டரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்றுத் திருத்தங்கலில் இருந்தார். கூடத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாலை போட்டு எடுத்த படம் தொங்கியது. "ஏட்டி எஸ்தரு! வந்துட்டியா!" என்று எழுந்தவர், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ரூத்தைத் தூக்கி, காதில் ஜெபம் சொல்லி, நெற்றியிலும் மூக்கு நுனியிலும் முத்தம் கொடுத்துவிட்டார். என் கை பாதிவரை நீண்டு அப்படியே நின்றது. அவர் மூக்கோரத்தில் அந்தப் புண் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

காப்பி குடித்தபடி, அமெரிக்காவில் மூக்கைச் சோதிப்பதைப் பற்றிச் சொன்னேன். கொப்புளக் கிருமி நர்ஸ்களின் மூக்கிலும் இருக்குமாம் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அம்புட்டுத் தூரம் போயி மூக்க நோண்டத்தான் படிச்சியா? நான் முத்தங் குடுத்த பிள்ளைக இன்னைக்கு வாத்தியாரா, நர்சா இருக்குதுக. ரோட்டுல போனா கால்ல விழுதுக."

அதுவும் பொய்யில்லை. பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துத்தான் வளர்ந்தார்கள். அந்தக் கோடைக் கிருமி எப்போது அவர் மூக்குக்கு வந்தது, வந்ததா இல்லையா, வேறு யாருடைய மூக்கிலாவது இருந்ததா, இனி யாராலும் சொல்ல முடியாது. நான் கடைசியாக, "பொன்னுத்தாயி எப்படி இருக்காங்க சிஸ்டர், தெரியுமா?" என்று கேட்டேன்.

"எந்தப் பொன்னுத்தாயி?"

கையை லைசாலில் அமுக்கியது, வாசலில் மிதிபட்டது எல்லாம் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. "எத்தனையோ ஆயாக்க வந்தாக, போனாக" என்று சொல்லிவிட்டு ரூத்துக்கு முறுக்கு எடுக்க உள்ளே போனார். வீடு திரும்பியதும் காய்ச்சிய தண்ணீரில் ரூத்தின் முகத்தை மறுபடி மறுபடி கழுவினேன். சிஸ்டர் தொட்டதற்கா இப்படித் தேய்க்கிறாய் என்று என் அம்மா அதிர்ந்துபோய்க் கேட்டார். ரூத்துக்கு ஒன்றும் வரவில்லை. அந்த வெள்ளைக்கார நர்ஸ் காப்பாற்றினாளா, சிஸ்டரிடம் ஒன்றுமே இருக்கவில்லையா, அதையும் யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் விஸ்வநத்தம் போனேன். பொன்னுத்தாய் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வயதுக்கு மீறி உடைந்துபோயிருந்தார். வளைந்த விரல்களால் குச்சி அடுக்கவோ தாள் சுருட்டவோ முடியாததால் எந்தக் கம்பெனியிலும் நிலையாக வேலை கிடைக்கவில்லை. பாதி நாள் கிடைத்த கூலி வேலை, பாதி நாள் விறகு பொறுக்குவது என்று ஓட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, "நர்சம்மா, வாங்க, எப்ப வந்தீக?" என்று எழுந்தார். ரூத் என் கையை உதறிவிட்டுத் தத்தித் தத்தி அவரிடம் ஓடினாள். பொன்னுத்தாய் இரண்டு கைகளையும் சட்டென்று தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

"தூக்கிருங்க நர்சம்மா, தூக்கிருங்க. மேல பட்டுரப் போறேன்."

அவர் ஒரு குழந்தையைத் தொட்டு வருடக்கணக்காகிவிட்டது. ஊர்ப் பெண்கள் அவர் வருவதைப் பார்த்தால் பிள்ளையை முந்தானையால் மூடுவார்கள். செல்லம்மாளின் மகள் பேச்சியையும் அவர் தூக்கியதில்லை. செல்லம்மாள் விட்டதில்லை என்பது மட்டுமல்ல, இவரும் கேட்டதில்லை. ஒரே வீட்டில் ஓரமாகத் தனித் தட்டும் தனிப் பாயும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். பேச்சி அதற்குள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்து என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு, கிருமி, பஞ்சு, அமெரிக்கா. நகச்சுற்று வருவதற்கு முன்பே குழந்தைகள் இறக்கத் தொடங்கியதையும், அவர் போன பிறகும் இறந்ததையும் நினைவுபடுத்தினேன். உங்கள் கையால் வந்ததாகத் தோன்றவில்லை என்றேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். 

"அப்ப யாரு?"

"சொல்ல முடியாதுக்கா. யார் மூக்குலயாச்சும் இருந்திருக்கும். சிஸ்டரா இருக்கலாம், டாக்டரா இருக்கலாம்."

"அவுக மூக்க யாராச்சும் மிதிச்சாகளா?" என்றார். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு குரல் தாழ்ந்தது. "நீங்க சொல்றத நம்புனா, இம்புட்டு வருசமா எம் பேத்திய நான் சும்மாவே தொடாம இருந்தேன்னு ஆகுது. நம்பலைன்னா அம்புட்டுப் புள்ளைகளையும் கொன்னவ நான்தான். எத நம்பச் சொல்றீக?"

 பேச்சியைக் கூப்பிட்டு, பாட்டி கையைப் பிடித்துக்கொள் என்றேன். அவள் என்னையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா வையும்" என்று உள்ளே ஓடிவிட்டாள். பொன்னுத்தாய் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கைகளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "வெயில் ஏறுது, புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க நர்சம்மா. இனிமே இதச் சொல்லிக்கிட்டு இங்கன வராதீக" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேண்டாத விருந்தாளியை வழியனுப்புகிற பக்குவத்தோடு சொன்னார்.

என்னைப் போல வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் கைநிறைய ஏதாவது கொண்டுவந்து கொடுக்கத்தான் ஆசைப்படுகிறோம். பெரும்பாலும் அது ஊருக்குக் காலங்கடந்து வந்து சேர்கிறது. வாங்கிக்கொள்கிறவர்களுக்கு அதை வைக்க இடம் இருப்பதில்லை.

திருத்தங்கலுக்குத் திரும்ப, சிவகாசி வந்து விருதுநகர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரூத் மடியில் தூங்கிவிட்டாள். சிவகாசி எல்லை தாண்டுவதற்குள் நிற்க இடமில்லாமல் கூட்டம் ஏறிவிட்டது. கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண், கம்பியைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்ததால், என்னை ஒரு வார்த்தையும் கேட்காமல் குழந்தையை என் மடியில் வைத்தாள். பிறந்து ஒரு மாதம் இருக்கும். நம் ஊர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவள் மடி எல்லோருக்கும் பொது. நான் போயிருக்கும் ஊரில் பக்கத்து வீட்டுக்காரி மூன்று வருடமாகியும் தன் குழந்தையை ஒருமுறைகூட என்னிடம் நீட்டியதில்லை. ரூத்தை இடது தொடைக்கு நகர்த்தி, அந்தப் பிள்ளையை வலது கையில் வாங்கிக்கொண்டேன். கழுத்து தானாக என் முழங்கை மடிப்பில் வந்து படிந்தது. அது கண்ணைத் திறந்து என் முகத்தைத் தேடியது. "அக்காவுக்கு எந்த ஊரு?" என்று அதன் தாய் மேலிருந்து கேட்டாள். நான் பிள்ளையை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் மூச்சு அதன் மேல் பட்டுவிடாதபடி முகத்தை ஜன்னலுக்கு வெளியே திருப்பி, அங்கே அடித்த அனல் காற்றிடம் பதில் சொன்னேன். பஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.